படைப்பும் படிப்பும்

விருத்தாசலத்தின் பழம்பெயர் முதுகுன்றம். தேவாரப் பதிகங்கள் இவ்வூரை அப்பெயரால் போற்றுகின்றன. முதுமை 'விருத்தம்' ஆகவும் குன்றம் 'அசலம்' ஆகவும் மாறி, ஊர்ப்பெயரே ஒரு மொழிபெயர்ப்பாக நிலைபெற்றுவிட்டது. அந்த மொழிபெயர்ப்புப் பெயரையே இயற்பெயராகத் தாங்கியவர் தமிழ்ச் சிறுகதையின் தலைமைப் படைப்பாளர் ஒருவர். சொ. விருத்தாசலம் என்றால் நம் மாணவருள் பலர் யாரென்று வினவக்கூடும். புதுமைப்பித்தன் என்றால் உடனே அறிந்துகொள்வர்.

1906-ஆம் ஆண்டு ஏப்ரல் 25-ஆம் நாள் கடலூரை அடுத்த திருப்பாதிரிப்புலியூரில் அவர் பிறந்தார். தந்தையார் சொக்கலிங்கம் பிள்ளையின் அரசுப் பணி காரணமாகச் செஞ்சி, திண்டிவனம், கள்ளக்குறிச்சி என அன்றைய தென்னாற்காடு மாவட்டத்து ஊர்களில் அவருடைய இளமை கழிந்தது. பின்னர் குடும்பம் திருநெல்வேலிக்குத் திரும்பியது. 1948-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் நாள் காசநோயால் மறைந்தபோது அவருக்கு வயது 42. எழுதக் கிடைத்த காலம் ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகளே. அக்குறுகிய காலத்தில் ஏறக்குறைய நூறு கதைகளைப் படைத்தார். அவற்றோடு, பல நாட்டு ஆசிரியர்களின் கதைகளை ஆங்கிலத்தின் வாயிலாகக் கற்றுத் தமிழாக்கியும் தந்தார். மேரி ஷெல்லியின் புதினம் 'பிரேத மனிதன்' ஆயிற்று. ரஷ்ய ஆசிரியர் குப்ரினின் புதினம் 'பலிபீடம்' ஆயிற்று. உலகத்துச் சிறுகதைகளைத் தேடித் தேடிப் படித்தவர் அவர் என்பதற்கு அவருடைய மொழிபெயர்ப்புத் தொகுதிகளே சான்று.

இவ்வளவு படித்த ஒருவர், தமக்கென ஒரு நடையும் தமக்கென ஓர் உலகமும் உடையவராக எங்ஙனம் நின்றார் என்பது சிந்திக்கத்தக்கது. ஏனெனில், "பிறரைப் படித்தால் நம் தனித்தன்மை போய்விடும்" என்று எழுத விரும்பும் இளைஞர் சிலர் இன்றும் கூறக் கேட்கிறோம். "அனுபவம் இருந்தால் போதும், படிப்பு எதற்கு?" என்பாரும் உளர். இவ்விரு கருத்துகளையும் நாம் மறுக்கிறோம். கதைப்பொருள் நம் தெருவிலேயே கிடக்கிறது. அதற்காக எவரும் நூலகத்துக்குச் செல்ல வேண்டியதில்லை. ஆயினும், தெருவில் கிடப்பதைக் கதையென்று இனங்காணும் பார்வையும், அதனைச் சொல்லுதற்கு ஏற்ற வடிவமும் பரந்த வாசிப்பினால் வருபவை என்பது நம் துணிபு.

ஒரே கதையைப் பலர் எழுதுவதேன்?

கல்லூரி இதழ்களுக்கும் போட்டிகளுக்கும் வரும் சிறுகதைகளைப் படித்துத் தேரும் பொறுப்பு தமிழ்த்துறையினருக்கு ஆண்டுதோறும் வாய்க்கிறது. அப்போதெல்லாம் ஒன்றைக் காண்கிறோம். வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்த, வெவ்வேறு குடும்பச் சூழல் உடைய மாணவர்கள் எழுதியவை ஒரே கதைபோல் தோன்றுகின்றன. ஓர் ஏழைத்தாய், வெளிநாடு சென்ற மகன், வாராத கடிதம் அல்லது வாராத தொலைபேசி அழைப்பு, இறுதி வரியில் ஒரு மரணச் செய்தி. எழுதியவரின் வாழ்க்கை இத்துணை எளியதன்று. அவர் வீட்டில் நிகழ்ந்தவற்றை அவர் வாயாற் கேட்டால் நாம் வியந்துபோவோம். ஆனால் பேனாவை எடுத்ததும், தாம் அறிந்த ஒரே அச்சில் அவ்வாழ்க்கையை வார்த்துவிடுகிறார். அனுபவம் குறைவாக இருப்பதால் நேர்ந்த குறை அன்று இது. அச்சு ஒன்றே ஒன்றாக இருப்பதால் நேர்ந்தது.

அச்சு என்ற சொல்லை இவ்வூரார்க்கு விளக்க வேண்டியதில்லை. பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர் விருத்தாசலம். இங்கே கூழாகக் கரைத்த மண்ணைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றுவர். அச்சு நீரை உறிஞ்ச, மண் ஓரங்களில் ஏடுபோல் படிந்து பொம்மையாகிறது. எத்தனை முறை வார்த்தாலும் அதே முகம், அதே புன்னகை. மேலும், வார்க்க வார்க்க அச்சு தேய்ந்து, பிந்திய பொம்மைகளின் மூக்கும் விழியும் மழுங்கிவிடும். ஒரே ஓர் எழுத்தாளரை மட்டும் படித்து, அவரைப்போலவே எழுத முயல்பவரின் நிலையும் இதுவே. முதற்கதையில் அந்த எழுத்தாளரின் சாயல் தெளிவாக இருக்கும். பத்தாவது கதையில் சாயலும் மங்கிவிடும். ஆகவே தனித்தன்மையைக் கெடுப்பது பரந்த வாசிப்பு அன்று, குறுகிய வாசிப்பே. பலரைப் படித்தவர் எவர்க்கும் அடிமையாக வேண்டிய தேவையில்லை.

தழுவலும் உருகுதலும்

வாசிப்பினால் கதாசிரியர் பெறுவது யாது என்பதைத் தெளிய, பெறக்கூடாதது யாது என்பதை முதலில் தெளிதல் நலம். பிறர் கதையின் நிகழ்ச்சிக்கோவையை எடுத்து, பாத்திரங்களுக்குத் தமிழ்ப் பெயரிட்டு, ஊரை மாற்றி எழுதும் வழக்கம் 1930-களில் பெருகியிருந்தது. இதனைத் தழுவல் என்றனர். புதுமைப்பித்தன் இதனை வன்மையாக எதிர்த்தார். அயல்நாட்டுக் கதையைத் தமிழர்க்குத் தரவேண்டுமாயின், மூலத்தைச் சொல்லி மொழிபெயர்த்தே தரவேண்டும் என்பது அவர் வாதம்.

நம் இலக்கண மரபும் இவ்வேறுபாட்டை அறியாததன்று. தொல்காப்பிய மரபியல் முதல்நூல், வழிநூல் எனப் பிரித்து, வழிநூலை நால்வகைப்படுத்துகிறது; மொழிபெயர்த்தல் அவற்றுள் ஒன்று. பிறமொழியிலிருந்து கொள்வதில் இழிவில்லை, கொண்டதை இன்னதென்று சொல்லும் நேர்மை வேண்டும் என்பதே இதனால் நாம் பெறும் தெளிவு.

இத்துணை உறுதியோடு வாதிட்ட புதுமைப்பித்தனின் கதைகளுள்ளும் சில, பிரெஞ்சு ஆசிரியர் மொப்பஸானின் கதைகளைத் தழுவியவை எனப் பின்னாளில் ஆய்வாளர் சுட்டினர். 'தமிழ் படித்த பெண்டாட்டி' அவ்வாறு அமைந்ததே என்று அவரே ஒப்புக்கொண்டும் உள்ளார். இதனை மறைக்க வேண்டியதில்லை. மாறாக, இதிலிருந்து நமக்கு ஒரு பாடம் கிடைக்கிறது. இன்று புதுமைப்பித்தன் என்றவுடன் நம் நினைவுக்கு வருபவை எவை? 'செல்லம்மாள்', 'காஞ்சனை', 'சாபவிமோசனம்', 'பொன்னகரம்', 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்'. தழுவல் எனப்பட்டவற்றுள் ஒன்றும் இவ்வரிசையில் இல்லை. மொப்பஸானிடமிருந்து அவர் நேராக எடுத்தவை நிலைக்கவில்லை. மொப்பஸான் முதலியோரைப் படித்துப் படித்துத் தம்முள் கரைத்துக்கொண்டபின், திருநெல்வேலித் தெருவையும் சென்னைச் சந்தையும் பார்த்து எழுதியவையே நிலைத்தன.

மீண்டும் பீங்கானுக்கே வருவோம். நெய்வேலிப் பக்கத்து வெண்களிமண் இத்தொழிலுக்கு அடிப்படை. ஆயினும் களிமண் மட்டும் பீங்கான் ஆவதில்லை. அதனோடு குவார்ட்சும் பெல்ஸ்பாரும் சேரவேண்டும். இவை வேறு நிலத்துப் பாறைகளிலிருந்து வருபவை. களிமண் வளைந்துகொடுத்து உருவத்தைத் தருகிறது. குவார்ட்ஸ் எலும்புபோல் நின்று தாங்குகிறது. பெல்ஸ்பார் சூளையின் கடுவெப்பத்தில் உருகி மற்ற இரண்டையும் பிணைக்கிறது. சூளையிலிருந்து வெளிவந்த பாண்டத்தில் பெல்ஸ்பாரைத் தனியே காட்ட எவராலும் இயலாது. ஆனால் அது சேராதிருந்தால் பாண்டம் நீரைக் கசியவிடும்.

படைப்பாளரின் வாசிப்பும் இவ்வாறு உருகவேண்டும். உருகாமல் கட்டியாகத் துருத்தி நிற்கும் படிப்பைச் சில கதைகளில் பார்க்கிறோம். கிராமத்துக் கிழவி திடீரென்று தத்துவம் பேசுவாள். மாட்டுத்தொழுவத்தில் மேனாட்டு அறிஞரின் பெயர் ஒலிக்கும். அங்கே படிப்பு இருக்கிறது, வெப்பம் போதவில்லை. அதற்காகப் படிப்பைக் குறைத்துக்கொள்வது தீர்வாகாது. படித்ததைத் தம் வாழ்க்கையோடு வைத்துச் சூடேற்றும் பொறுமையே வேண்டுவது.

பெறும் பயன்கள்

அவ்வாறு உருகிய வாசிப்பினால் கதாசிரியர்க்கு விளையும் பயன்கள் பல. அவற்றுள் தலையாய நான்கை இங்கே கருதுவோம்.

முதலாவது, வடிவ அறிவு. மொப்பஸானின் கதைகள் பலவற்றில் இறுதித் திருப்பம் கதையையே புரட்டிப்போடும். செகாவின் கதைகள் பலவற்றில் அத்தகைய திருப்பமே இராது. வாழ்க்கை தொடர்வதுபோல் கதை அமைதியாக நின்றுவிடும். முன்னவரை மட்டும் அறிந்தவர், திருப்பம் இல்லாத வாழ்க்கையைக் கதையாக்கத் தெரியாமல் விழிப்பார். இருவரையும் அறிந்தவர், தம் கதைக்கு எது பொருந்தும் என்று தெரிவு செய்வார். தெரிவு செய்யும் உரிமையே கலைஞரின் உரிமை. புதுமைப்பித்தனிடம் பேய்க்கதையும் உண்டு. புராணக் கதையின் மறுபார்வையும் உண்டு. கணவன் ஒருவன் நோயுற்ற மனைவிக்குப் பணிவிடை செய்யும் ஓரிரவின் வரலாறும் உண்டு. கடவுளே சென்னைக்கு வந்து விருந்தாளியாகத் தங்கும் எள்ளலும் உண்டு. ஒருவர் கையில் இத்தனை வடிவங்கள் வந்தமைக்கு அவர் படிப்பின் பரப்பே காரணம் என்பதில் ஐயமில்லை.

இரண்டாவது, தம் மண்ணைக் கதைக்கு உரியதாகக் காணும் துணிவு. இதனைத் தோப்பில் முஹம்மது மீரானிடம் காண்கிறோம். தேங்காய்ப்பட்டினத்தில் 1944-இல் பிறந்த அவர் மலையாள வழியில் பள்ளிக்கல்வி பெற்றவர், தொழிலால் வணிகர். வைக்கம் முஹம்மது பஷீரைப் படித்து வளர்ந்தவர். கேரளத்து முஸ்லிம் வீடுகளின் அடுக்களைப் பேச்சையும், ஆட்டையும், உம்மாக்களின் பூசலையும், பழம்பெருமையையும் பஷீர் இலக்கியமாக்கியிருந்தார். அதனைப் படித்தவர்க்குத் தம் கடலோர ஊரின் பேச்சும் இலக்கியமாகும் என்ற நம்பிக்கை பிறத்தல் இயல்பே. 1988-இல் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' நூலாயிற்று. 'சாய்வு நாற்காலி' 1997-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. அந்நாவல்களில் பஷீரின் கதை எதுவும் இல்லை, தேங்காய்ப்பட்டினமே இருக்கிறது. அயலாரைப் படித்தவர் அயலாராகிவிடவில்லை. தம் ஊருக்கே திரும்பினார்.

மூன்றாவது, பிறர் உள்ளத்துள் புகும் ஆற்றல். 'பிரேத மனிதன்' எனத் தமிழான புதினத்தில், எல்லாராலும் வெறுக்கப்படும் அந்த உருவம் தன் கதையைத் தானே சொல்லும் பகுதி ஒன்று உண்டு. வெறுக்கப்பட்டவனுக்கும் ஒரு நியாயம் உண்டு, அதை அவன் வாயாலேயே கேட்கவேண்டும் என்பதை அப்பகுதி உணர்த்துகிறது. புதுமைப்பித்தனின் 'சாபவிமோசனம்' அகலிகையின் பக்கத்தில் நின்று இராமகாதையைப் பார்க்கிறது. சீதையைத் தீக்குளிக்கச் சொன்ன செய்தியைக் கேட்டு அகலிகை மீண்டும் கல்லாகிறாள். பழங்கதையை நன்கு கற்றவரே அதில் பேசாதிருந்தவரைப் பேசவைக்க முடியும்.

இவ்வட்டாரத்தவரும் விருத்தாசலத்தில் வாழ்ந்து எழுதிவருபவருமான இமையம், 1994-இல் வெளியிட்ட 'கோவேறு கழுதைகள்' நாவலில், ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் துணி வெளுத்து வாழும் குடும்பம் ஒன்றின் துயரை எழுதினார். ஒடுக்கப்பட்டோருள்ளும் ஒடுக்கப்பட்டோர் உளர் என்று தயங்காமல் காட்டிய நூல் அது. திருச்சியில் பயின்ற காலத்தில் பேராசிரியர் எஸ். ஆல்பர்ட்டின் தொடர்பால் உலக இலக்கியம் தமக்கு அறிமுகமானதை இமையம் நன்றியோடு நினைவுகூர்ந்துள்ளார். 2020-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது அவருடைய 'செல்லாத பணம்' நாவலுக்குக் கிடைத்தது. நல்ல ஆசிரியர் ஒருவர் மாணவரிடம் தக்க வேளையில் தந்த புத்தகம் எத்துணைத் தொலைவு செல்லும் என்பதற்கு வேறு சான்று வேண்டா.

நான்காவது, தம் எழுத்தைத் தாமே மதிப்பிடும் அளவுகோல். சுந்தரர் முதுகுன்றத்தில் பெற்ற பன்னீராயிரம் பொன்னை மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்று பெரியபுராணம் கூறும். ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுதல் என்னும் வழக்கை இந்நிகழ்ச்சியோடு இணைத்துச் சொல்வர். அவ்வரலாற்றில் ஒரு நுட்பம் உண்டு. பொன்னை ஆற்றில் இடுமுன், மாற்று அறிவதற்காக அவர் சிறு துணுக்கை மச்சமாக வெட்டி வைத்துக்கொண்டார். குளத்தில் எடுத்த பொன்னை அம்மச்சத்தோடு உரைத்துப் பார்க்க அது உதவிற்று. கதாசிரியர் படித்த சிறந்த நூல்கள் அத்தகைய மச்சம். நண்பர் புகழ்ச்சியும் மேடைக் கைத்தட்டலும் ஓர் எழுத்தின் மாற்றைச் சொல்லா. 'செல்லம்மாள்' போன்ற ஒரு கதையின் அருகே தம் கதையை வைத்துப் பார்ப்பவர்க்குத் தாம் எங்கே நிற்கிறோம் என்பது விளங்கிவிடும். அவ்விளக்கம் சற்று வருத்தத்தைத் தரலாம். ஆனால் அடுத்த கதை வளர்வதற்கு அதுவே உரம்.

ஒரு மறுப்பும் விடையும்

"பள்ளிப் படிப்பே இல்லாதவர்கள் பெரிய எழுத்தாளர்களாகவில்லையா?" என்று சிலர் கேட்பர். ஆயினர். ஆனால் பள்ளிப் படிப்பு வேறு, வாசிப்பு வேறு. கடலூர் மஞ்சக்குப்பத்தில் 1934-இல் பிறந்த ஜெயகாந்தன் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். ஆனால் சென்னையில் பொதுவுடைமைக் கட்சியாரோடு வாழ்ந்த இளமைக்காலம் அவர்க்குக் கல்லூரியாயிற்று. அரசியலையும் இலக்கியத்தையும் அங்கே கேட்டும் படித்தும் வளர்ந்தார். 2002-ஆம் ஆண்டுக்கான ஞானபீட விருது அவரைத் தேடி வந்தது. கி. ராஜநாராயணன் எட்டாம் வகுப்பைத் தாண்டாதவர். அவரோ இடைசெவலில் கு. அழகிரிசாமியின் தோழர், இருவரும் படித்ததைப் பகிர்ந்து வளர்ந்தவர்கள். கரிசல் மண்ணின் சொற்களை அகராதியாகத் தொகுத்த கி.ரா., உலகக் கதைகளை அறியாத பாமரர் அல்லர்.

விருத்தாசலத்தை அடுத்த மணக்கொல்லையைச் சேர்ந்த கண்மணி குணசேகரன் அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் தொழிலாளியாகப் பணிபுரிந்தவர். 'அஞ்சலை' முதலிய நாவல்களை எழுதியதோடு, 'நடுநாட்டுச் சொல்லகராதி' என்ற தொகுப்பையும் தந்தார். முந்திரிக் காட்டிலும் பேருந்துப் பணிமனையிலும் வழங்கும் சொற்களைக் காதாற் படித்த அவருடைய உழைப்பை வாசிப்பின் இன்னொரு கிளை என்றே நாம் கொள்கிறோம். மனிதரைப் படிப்பதும் நூலைப் படிப்பதும் ஒன்றற்கொன்று பகையன்று. மனிதரைக் கூர்ந்து கேட்கப் பழகியவர் நூலையும் கூர்ந்து படிப்பார்.

ஆகவே பட்டம் இல்லாதவர்கள் எழுதினார்கள் என்பது உண்மை; படியாதவர்கள் எழுதினார்கள் என்பது உண்மையன்று. பட்டம் பெறும் வாய்ப்பும் நூலகமும் பேராசிரியரும் ஒருங்கே கிடைத்துள்ள நம் மாணவர்கள், அவர்களைச் சான்றாகக் காட்டிப் படிப்பைத் தவிர்ப்பது பொருந்தாது.

பரந்த வாசிப்பு என்பது எது?

எண்ணிக்கையால் மட்டும் வாசிப்பு பரந்ததாகிவிடாது. ஒரே வகை நாவல்களை நூறு படித்தவரைவிட, பத்துத் திசைகளிலிருந்து பத்து நூல்களைப் படித்தவரே பரந்த வாசகர். பழந்தமிழ் ஒரு திசை. ஈழத்து எழுத்து மற்றொரு திசை. மலையாளம், வங்காளம், உருது முதலிய நம் நாட்டு மொழிகள் வேறு திசை. பஷீரைக் குளச்சல் யூசுஃப் தமிழில் தந்துள்ளார். குர்ரத்துலைன் ஹைதரின் உருது நாவல் சௌரியின் மொழிபெயர்ப்பில் 'அக்னி நதி' என வந்துள்ளது. வரலாறும், மருத்துவமும், பயண நூலும், தொழில்நூலும் கதாசிரியர்க்கு அயலானவை அல்ல. பீங்கான் தொழிலாளியின் வாழ்க்கையைக் கதையாக்குபவர் சூளையின் வெப்பத்தையும், மண்தூள் நுரையீரலுக்குச் செய்யும் கேட்டையும் அறியாமல் எழுதினால், அத்தொழிலாளியே அக்கதையை நம்பமாட்டார்.

தமிழ் முஸ்லிம்களின் புனைகதை வரலாறும் இத்தகைய பரப்பிலேயே தொடங்கிற்று. கண்டியைச் சேர்ந்த சித்திலெவ்வை 1885-இல் வெளியிட்ட 'அசன்பே சரித்திரம்' தமிழின் தொடக்ககால நாவல்களுள் ஒன்று. 'பிரதாப முதலியார் சரித்திரம்' வெளிவந்து ஆறாண்டுகளே ஆகியிருந்த நேரம் அது. இலங்கையிலிருந்து எழுதிய அவர், தம் கதையை எகிப்து நாட்டில் நிகழ்த்தினார். வழக்கறிஞராகவும் 'முஸ்லிம் நேசன்' இதழின் ஆசிரியராகவும் விளங்கிய அவருடைய பன்மொழிக் கல்வியின் விளைவு அது. நாகூர் சித்தி ஜுனைதா பேகம் மூன்றாம் வகுப்பு வரையே பயின்றவர். 1938-இல் 'காதலா கடமையா' நாவலை வெளியிட்டார். அதற்கு உ.வே. சாமிநாதையரின் பாராட்டும் கிடைத்தது. இந்த மரபுக்கு உரியவர்கள் நாம் என்பதை நம் மாணவ மாணவியர் அறியவேண்டும்.

நாம் செய்யத்தக்கன

இவ்விடத்தில் சமுதாயப் பெரியோர்களிடம் ஒன்றைப் பணிவோடு கூற விரும்புகிறோம். துவரங்குறிச்சியைச் சேர்ந்த எழுத்தாளர் சல்மா, பதின்மூன்று வயதளவில் தம் பள்ளிப்படிப்பு நின்றதையும், வீட்டுக்குள் இருந்தபடியே கிடைத்ததையெல்லாம் படித்ததையும், பொருள் சுற்றிவந்த தாள்களைக்கூட விடாமல் படித்ததையும் வெளிப்படையாகக் கூறியிருக்கிறார். 2004-இல் அவருடைய 'இரண்டாம் ஜாமங்களின் கதை' வெளிவந்தது, ஆங்கிலத்திலும் பெயர்க்கப்பட்டது. அந்நாவலில் சொல்லப்பட்டவை பற்றிக் கருத்து வேறுபாடு கொள்வோர் நம்மிடையே இருக்கலாம். ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்க்கவேண்டும். தாளைச் சேர்த்து வைத்துப் படிக்கும் அளவுக்கு ஒருவர்க்கு வாசிப்பின்மேல் பசி இருந்தது. அப்பசிக்கு உரிய உணவை நாம் முறையாகத் தரவில்லை. இன்றும் அவ்வாறு பசித்திருக்கும் பிள்ளைகள் எத்தனை வீடுகளில் உளர்? பெண்பிள்ளை கதைப்புத்தகம் படித்தால் கெட்டுவிடுவாள் என்ற அச்சம் நம்முள் சிலரிடம் இன்னும் நீங்கவில்லை. கையிலுள்ள கைப்பேசியில் ஓயாது ஓடும் காட்சிகளைப் பார்ப்பதற்கு இல்லாத தடை, நல்ல நாவலைப் படிப்பதற்கு மட்டும் இருப்பது முறையாகுமா?

நம் வாழ்க்கையை நாம் எழுதாவிடில் பிறர் எழுதுவர். அறிந்து எழுதுவோர் சிலர்; அறியாமல் எழுதுவோர் பலர். திரைப்படங்களிலும் கதைகளிலும் நம்மைப் பற்றிய சித்திரம் பிழையாக வருகிறது என்று வருந்துகிறோம். அவ்வருத்தம் நியாயமானதே. ஆனால் பிழையான சித்திரத்துக்கு உரிய விடை கண்டன அறிக்கையால் முழுமை பெறாது. தேங்காய்ப்பட்டினத்தைத் தோப்பில் எழுதியதுபோல், நம் ஊரை நாமே எழுதுவதால்தான் முழுமை பெறும். அத்தகைய எழுத்து வர, முதலில் வாசிப்பு வரவேண்டும்.

ஆதலின், மூன்று செயல்களை முன்மொழிகிறோம்.

பெரியோர்கள் தத்தம் ஊரில், நிக்காஹ் மண்டபத்தையொட்டியோ மதரஸாவையொட்டியோ, ஓர் அலமாரி நல்ல நூல்களாவது வைத்து, பிள்ளைகள் இருபாலாரும் எடுத்துச் செல்ல வழிசெய்யலாம். 1948-இல் இயற்றப்பட்ட சென்னைப் பொது நூலகச் சட்டம், விடுதலை பெற்ற இந்தியாவில் இவ்வகையில் முதலாவது. வீட்டுவரியோடு நூலக வரியையும் நாம் செலுத்தியே வருகிறோம். நாம் செலுத்திய பணத்தில் வாங்கிய நூல்கள் கிளை நூலகங்களில் நமக்காகக் காத்திருக்கின்றன. பிள்ளைகளைக் கைப்பிடித்து அங்கே அழைத்துச் செல்வதற்குச் செலவு ஏதுமில்லை.

ஆசிரியர்கள் வாரத்தில் ஒரு மணி நேரமாவது, தேர்வுக்குரிய குறிப்புகளை ஒதுக்கிவைத்து, ஒரு முழுக்கதையை வகுப்பில் படித்துக் காட்டலாம். கதைச்சுருக்கம் மட்டும் கற்ற மாணவர், நிகழ்ச்சியே கதையென்று எண்ணிவிடுகிறார். சொல்லும் முறையே கதை என்பது முழுமையாகப் படிக்கக் கேட்டவர்க்கே விளங்கும்.

மாணவர்கள் ஒரு கதை எழுதுமுன் பத்துக் கதைகளைப் படிப்பது என்று உறுதி கொள்ளலாம். புதுமைப்பித்தனின் எழுத்துகளைத் தமிழக அரசு 2002-இல் நாட்டுடைமையாக்கியதால் அவை மலிவுப் பதிப்புகளிலும் மின்னூலகங்களிலும் எளிதாகக் கிடைக்கின்றன. அவரிடம் தொடங்கி, கு. அழகிரிசாமிக்கும், பஷீருக்கும், செகாவுக்கும், ஈழத்து எஸ். பொன்னுத்துரைக்கும் செல்லுங்கள். பிடிக்காதவரையும் படியுங்கள், ஏன் பிடிக்கவில்லை என்பதை ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். அதன்பின் உங்கள் தெருவைப் பார்த்து எழுதுங்கள். அத்தெரு முன்பு பார்த்த தெருவாக இராது.

அடுத்த ஆண்டு மலருக்கு வரும் கதைகளில் அந்த வேறுபாட்டைக் காண நாம் காத்திருக்கிறோம். இறுதி வரியில் எவரும் இறக்காத ஒரு கதை, நம் ஊர்ப் பேச்சில், நம் மாணவி ஒருவரின் கையெழுத்தில் வந்து சேருமாயின், இம்மலர் வெளிவந்ததன் பயன் கைகூடியதாகக் கொள்வோம்.